காத்தாடியும் கரும்பருந்தும்

முதலில் ஒரு வார்த்தை விஷயம். ஆங்கிலத்தில் 'கைட்' என்றால் பட்டம். அதே 'கைட்' என்றால் பருந்தும்தான். இரண்டும் தற்செயலாக ஒரே மாதிரி அமைந்துவிட்ட சொற்கள் என்றுதான் ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். அகராதியைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, அந்தப் பெயர் முதலில் பறவைக்குத்தான் இருந்திருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் காகிதப் பட்டம் இங்கிலாந்தில் பரவியபோது, காற்றில் அசையாமல் மிதக்கும் அந்தப் பொருளைப் பார்த்து 'இது பருந்து மாதிரியே இருக்கே' என்று அதே பெயரைத் தூக்கி இதற்கு வைத்துவிட்டார்கள். இந்தியில் சொல்லும் 'பதங்' கதையும் கிட்டத்தட்ட இதேதான். சமஸ்கிருதத்தில் 'பதங்கம்' என்றால் பறப்பது. பறவை, விட்டில் எல்லாம் அதில் அடக்கம். ஆக, ரெண்டு மொழியிலும் பறக்கிற உயிரிடம் பெயரைக் கடன் வாங்கியிருக்கிறோம். கடனை எப்படித் திருப்பிக் கொடுத்தோம் என்பதுதான் இந்தக் கட்டுரை. (பி.காம் படிக்கிறவனுக்கு எல்லாமே கடன், வரவு, செலவாகத்தான் தெரியும். பொறுத்துக்கொள்ளவும்.)

இதைத் தேட ஆரம்பித்தது ஒரு படத்தால். ஷௌனக் சென் இயக்கிய 'ஆல் தட் ப்ரீத்ஸ்' என்ற ஆவணப்படம். 2022-ல் சன்டான்ஸ் விழாவில் பரிசு வாங்கியது, அதே வருடம் கான் விழாவில் சிறந்த ஆவணப்படத்துக்கான விருது, 2023-ல் ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியல் வரை போனது. டெல்லியில் வசீராபாத் என்ற இடத்தில் நதீம், சவுத் என்று இரண்டு அண்ணன் தம்பிகள். சோப்பு திரவம் வைக்கும் பெட்டி தயாரிப்பது அவர்கள் தொழில். அந்தப் பட்டறை இருந்த அதே வீட்டில், காயப்பட்டு வானத்திலிருந்து விழும் கரும்பருந்துகளை எடுத்துவந்து வைத்தியம் பார்க்கிறார்கள். பருந்துகள் விழக் காரணங்கள் பல. அதில் பெரியது மாஞ்சா நூல்.

படத்தில் என்னை உலுக்கியது காயம் இல்லை, அவர்கள் இந்த வேலைக்கு வந்த விதம். சின்ன வயதில் அடிபட்ட ஒரு பருந்தைத் தூக்கிக்கொண்டு பறவை ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். செங்கோட்டைக்கு எதிரே சமணக் கோயில் வளாகத்தில் இருக்கும் புகழ்பெற்ற தர்ம ஆஸ்பத்திரி அது. புறா, கிளி, மைனா என்று ஆயிரக்கணக்கில் இலவசமாகப் பார்க்கிறார்கள். ஆனால் பருந்து மாமிசம் தின்கிற பறவையாயிற்றே! உள்ளே தங்கவைத்துப் பராமரிக்க வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரியைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. அவர்கள் செய்வது பெரிய காரியம். ஆனாலும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நூல் அறுக்கும்போது சைவம் அசைவம் பார்க்கவில்லை, கட்டுப் போடும்போது பார்க்கிறோம். அந்தப் பருந்தைக் காப்பாற்ற முடியாமல் போனதுதான் பிற்பாடு 2010-ல் 'வைல்ட்லைஃப் ரெஸ்க்யூ' என்ற அமைப்பாக ஆனது.

சரி, டெல்லியில் ஏன் இவ்வளவு பருந்து? அங்கேதான் வரலாறு சுவாரசியமாகிறது. பழைய டெல்லியில் பருந்துகளுக்கு இறைச்சித் துண்டுகளை மேலே வீசுவது முஸ்லிம்களிடம் நெடுநாளாக உள்ள தர்மச் செயல். அது நம் பாவத்தையும் கஷ்டத்தையும் கொண்டுபோகும் என்று நம்பிக்கை. அதனால் அந்தச் சந்துகளுக்கு மேலே எப்போதும் பருந்துகள் வட்டமிடும். அதே சந்துகளின் அதே மொட்டை மாடிகள்தான் டெல்லியின் பட்டக் கலைக்கும் தாய்வீடு. ஆகஸ்ட் 15 வந்தால் வானம் தெரியாது. சுதந்திர தினத்துக்கும் பட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், 1928-ல் சைமன் கமிஷன் வந்தபோது 'சைமனே திரும்பிப் போ' என்று எழுதிப் பட்டம் விட்டார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். ஆகஸ்டில் அந்த வருடம் பிறந்த பருந்துக் குஞ்சுகள் கூட்டைவிட்டு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருக்கும். ஒரு பக்கம் வா என்று சோறு போடுகிறோம், அதே மாடியிலிருந்து நூலும் விடுகிறோம்.

இந்தியாவில் பட்டம் எப்போது வந்தது என்பதில் ஆளுக்கொரு கருத்து. சீனாவில் தோன்றியது என்பதில் பெரும்பாலானவர்களுக்குச் சண்டை இல்லை. முகலாயர் கால ஓவியங்களில் மாடியில் நின்று பட்டம் விடும் பெண்களைப் பார்க்கலாம். ஆனால் பட்டத்தை ஒரு வெறியாகவே வளர்த்தவர்கள் லக்னோ நவாபுகள். அப்துல் ஹலீம் ஷரர் என்ற உருது எழுத்தாளர் பழைய லக்னோவைப் பற்றி எழுதிய புத்தகத்தில் சேவல் சண்டை, புறா வளர்ப்பு ஆகியவற்றோடு பட்டத்துக்கும் தனியாக இடம் கொடுத்திருக்கிறார். 1856-ல் கம்பெனிக்காரர்கள் நவாப் வாஜித் அலி ஷாவின் ராஜ்ஜியத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். அவர் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் மட்டியாபுருஜில் போய்க் குடியேறினார். கூடவே சமையல்காரர், பாட்டுக்காரர், பட்டக்காரர் எல்லாம் போனார்கள். கல்கத்தா பிரியாணியில் உருளைக்கிழங்கு வந்த கதையும் இங்கேதான் தொடங்குகிறது என்பார்கள், அது வேறு கட்டுரை. ராஜ்ஜியம் போயும் பட்டம் போகவில்லை.

இவர்கள் விட்டது அழகுக்கான பட்டம் இல்லை. சண்டைப் பட்டம். எதிரியின் நூலை அறுப்பதுதான் ஆட்டமே. ஆக, அறுக்கிற நூல் என்பது பட்டத்தில் பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்ட கெட்ட பழக்கம் இல்லை, இந்த விளையாட்டின் உயிரே அதுதான். இதை ஒத்துக்கொள்ளாமல் பேசுவதில் பிரயோஜனம் இல்லை. இந்தியாவில் மட்டுமா? ஜப்பானில் நாகசாகியில் 'ஹாத்தா' என்று ஒரு சண்டைப் பட்டம் உண்டு. அதன் நூலிலும் கண்ணாடித் தூள்தான். டச்சுக் கப்பல்களில் வந்த ஆசிய மாலுமிகள் கொண்டுவந்தது என்கிறார்கள். பிரேசிலில் அதே சமாச்சாரத்துக்கு 'செரோல்' என்று பெயர். அங்கே கழுத்தைக் காப்பாற்றிக்கொள்ள பைக்கின் முன்னால் ஆன்டெனா மாதிரி ஒரு கம்பியை நட்டுக்கொண்டு ஓட்டுகிறார்கள்.

மாஞ்சா போடுவது எப்படி என்று நான் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. வடசென்னையில் வளர்ந்தவன். எங்கள் தெருவில் யாரும் பட்டம் என்று சொல்ல மாட்டோம், காத்தாடிதான். அறுப்பது 'டீல்'. ஃபியூஸ் போன ட்யூப்லைட்டை உடைத்து, அம்மிக்கல்லில் வைத்து மாவாக அரைத்து, பழைய துணியில் சலித்து, கஞ்சியும் பசையும் சாயமும் கலந்து, ரெண்டு விளக்குக் கம்பத்துக்கு நடுவே கட்டிய நூலில் துணியால் பிடித்துக்கொண்டே நடப்போம். விரலில் கோடு கோடாக வெட்டு இருக்கும். ஸ்கூலில் அதைக் காட்டிப் பெருமை பேசுவோம். பாட்டி மட்டும் "ட்யூப்லைட் தூளு மூச்சுல போனா என்னடா ஆவறது"ன்னு கத்தும். யார் கேட்டது?

எங்கள் மாடியை ஒட்டி ஒரு வேப்பமரம். நாங்கள் டீல் போட்டு அறுந்த நூலெல்லாம் கடைசியில் அதில்தான் போய் விழும். ஒருநாள் காலையில் காக்காய்கள் போட்ட சத்தத்தில் எழுந்து போய்ப் பார்த்தால், உச்சிக் கிளையில் ஒரு காக்காய் ஒற்றை இறக்கையில் தலைகீழாகத் தொங்குகிறது. படபடவென்று அடிக்கும், அடிக்க அடிக்க நூல் இன்னும் இறுகும். சுற்றி முப்பது நாற்பது காக்காய். துரட்டி எட்டவில்லை. ஏறிப் போகலாம் என்றால் கிளை தாங்காது, போதாக்குறைக்குக் காக்காய்கள் கொத்த வருகின்றன. ரெண்டு நாள் அப்படியே இருந்தது. மூன்றாம் நாள் சத்தம் நின்றுவிட்டது. நூலின் நிறம் ரோஸ். அந்த வாரம் நாங்கள் கலக்கிய சாயமும் ரோஸ். அதற்கப்புறம் நான் காத்தாடியே விடவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் விட்டேன். இன்னும் ரெண்டு மூணு வருஷம் விட்டேன்.

இனி குஜராத்துக்குப் போவோம். இந்தக் கதையின் பெரிய களம் அதுதான். ஜனவரி 14 உத்தராயணம், மறுநாள் 15 'வாசி உத்தராயணம்', அதாவது பழைய உத்தராயணம். நம் மாட்டுப் பொங்கல் மாதிரி வைத்துக்கொள்ளுங்களேன். ரெண்டு நாளும் அகமதாபாத்தில் தரையில் ஆள் இருக்காது, எல்லோரும் மாடியில். ஒரு பட்டம் அறுந்தால் 'காய் போ சே' என்று ஊரே கத்தும். 1989-லிருந்து அங்கே சர்வதேசப் பட்டத் திருவிழாவும் நடக்கிறது. லெ கொர்பூசியே கட்டிய சன்ஸ்கார் கேந்திரா கட்டிடத்தில் பட்டத்துக்கென்று ஒரு மியூசியமே வைத்தார்கள். இந்துப் பண்டிகைக்குப் பட்டம் செய்து தருவதில் பெரும்பங்கு ஜமால்பூர் பகுதி முஸ்லிம் குடும்பங்களுடையது. நூலுக்கு மாஞ்சா போட உத்தரப்பிரதேசத்தில் பரேலியிலிருந்து தொழிலாளிகள் சீசனுக்கு வந்து தெருவோரம் கம்பம் நட்டு வேலை பார்ப்பார்கள். பரேலி மாஞ்சா என்றால் நம்மூரில் காஞ்சிபுரம் பட்டு மாதிரி, ஊர்ப் பெயரே தரம்.

அகமதாபாத்தின் இன்னொரு முகம், அது சமணர்கள் செல்வாக்குள்ள ஊர். பழைய அகமதாபாத்தின் 'போள்' என்னும் சந்துகளில் பறவைக்குத் தானியம் போடுவதற்கென்றே வேலைப்பாடு செய்த மரத் தூண்கள் நிற்கும். 'சபூத்ரோ' என்று பெயர். எறும்புக்கும் தீங்கு நினைக்காத மனிதர்கள் வாழும் ஊரின் வானத்தில்தான் வருடத்துக்கு ரெண்டு நாள் இப்படி. முரண்பாடு அவர்களுக்கும் தெரியும். அதனால்தான் காயம்பட்ட பறவைகளுக்கு முகாம் போடும் தொண்டர்களும் அங்கே அதிகம். 2017 முதல் குஜராத் அரசே 'கருணா அபியான்' என்ற பெயரில் ஜனவரி 10 முதல் 20 வரை வனத்துறை, கால்நடை மருத்துவர்கள், தொண்டு அமைப்புகள் எல்லோரையும் சேர்த்து மீட்பு வேலை செய்கிறது.

ஏன் பறவைகள் இதைப் பார்த்து விலகிப் போகக்கூடாது? நானும் கேட்டிருக்கிறேன். நம் கண்ணுக்கே பத்தடியில் தெரியாத நூல் அது. வேகமாக வரும் பறவைக்குத் தெரிவதற்குள் இறக்கை அதில் பட்டுவிடும். இறக்கையின் முன்விளிம்பில் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே மெல்லிய தோல் ஒன்று விரிந்திருக்கிறது. அதற்குள்தான் இறக்கையை விரித்துப் பிடிக்கும் தசைநார் ஓடுகிறது. காற்றைக் கிழித்துக்கொண்டு முதலில் போவது அந்த விளிம்புதான், நூல் முதலில் வெட்டுவதும் அதைத்தான். தோலைத் தைத்துவிடலாம். தசைநார் அறுந்துவிட்டால் பெரும்பாலும் அவ்வளவுதான். பறவை சாகாது, ஆனால் பறக்காது. மீட்பு மையங்களில் இப்படிப் பறக்காமல் வருஷக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் பருந்துகள் உண்டு.

நேரமும் காலமும் வேறு சரியில்லை. பெரும்பாலான பறவைகள் விடியற்காலையில் இரை தேடக் கிளம்பி, பொழுது சாய அடைய வரும். பட்டக்காரர்களுக்கும் மாலைக் காற்றுதான் பிரியம். அதனால்தான் குஜராத்தில் காலையிலும் மாலையிலும் பட்டம் விடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறார்கள். ஜனவரி என்பது வலசை வந்த பறவைகள் குஜராத் ஏரிகளில் நிறைந்திருக்கும் மாதம். கொக்கு, நாரை, அரிவாள் மூக்கன், கூழைக்கடா எல்லாம் பெரிய இறக்கைக்காரர்கள். சட்டென்று திரும்பத் தெரியாது. புறாதான் எண்ணிக்கையில் அதிகம் அடிபடும், அதுவும் ஊருக்குள்ளேயே இருப்பதால்.

இதில் பிணந்தின்னிக் கழுகின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். அகமதாபாத்தில் ஒரு காலத்தில் நகருக்குள்ளேயே பெரிய மரங்களில் வெண்முதுகுக் கழுகுகள் கூடு கட்டின. 1990-களில் இந்தியா முழுக்கக் கழுகுகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்துதான் காரணம் என்று 2004-ல் கண்டுபிடித்தார்கள், 2006-ல் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள். அதற்குள் 1992-லிருந்து 2007-க்குள் வெண்முதுகுக் கழுகுகளில் ஆயிரத்தில் ஏறக்குறைய ஒன்றுதான் மிஞ்சிய அளவு அழிவு. மிச்சமிருந்த சொற்பக் கழுகுகள்தான் ஜனவரியில் அகமதாபாத் வானத்தில் பறந்தன. இந்தப் பறவை வருடத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். தாயும் தகப்பனும் மாறி மாறி அடைகாத்து இரை கொடுக்கும். அந்தக் கூடு கட்டும் காலமும் குளிர்காலம்தான். ஜனவரி 14 அன்று ஒரு கழுகு நூலில் அறுபட்டால், கணக்குப் புத்தகத்தில் ஒன்று என்று எழுதக்கூடாது. கூட்டிலிருக்கும் முட்டையையோ குஞ்சையோ சேர்த்து எழுத வேண்டும். புறாவுக்கு இந்த நஷ்டம் தாங்கும், கழுகுக்குத் தாங்காது. ஆயிரம் புறாவைவிட ஒரு கழுகு பெரிதா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது, ஆனால் மொத்த எண்ணிக்கையை மட்டும் பத்திரிகையில் போட்டால் இந்த வித்தியாசம் மறைந்துபோகிறது.

இப்போது எல்லோருக்கும் பிடித்த வில்லனுக்கு வருவோம். சீன மாஞ்சா! பெயர்தான் சீனா, பெரும்பாலும் இங்கேயே தயாராகும் நைலான் நூல் அது. 2000-களுக்குப் பின் சந்தையைப் பிடித்தது. விலை மலிவு, லேசில் அறுகாது. உலோகத் தூள் பூசியிருந்தால் மின்கம்பியில் பட்டு ஷாக் அடிக்கும். பருத்தி நூல் மழையிலும் வெயிலிலும் நைந்து போகும், நைலான் மரத்திலேயே வருஷக்கணக்கில் தொங்கும். பண்டிகை முடிந்தபிறகும் ஆந்தைக்கும் பழந்தின்னி வௌவாலுக்கும் அது தூக்குக் கயிறு. ஆக அதைத் தடை செய்ததில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் இடைக்காலத் தடை போட்டது. அதில் கண்ணாடி பூசிய பருத்தி நூலும் சேர்ந்திருந்தது. குஜராத் வியாபாரிகள் பண்டிகைக்கு முன் உச்ச நீதிமன்றத்துக்கு ஓடினார்கள், பலிக்கவில்லை. 2017 ஜூலை 11-ல் வந்த இறுதி உத்தரவு நைலான், செயற்கை நூல் வகைகளைத் தயாரிக்க, விற்க, வாங்க, பயன்படுத்த நாடு முழுக்கத் தடை விதித்தது.

எனக்கு உறுத்துவது இதுதான். 'சீன மாஞ்சா' என்று ஒரு பெயர் கிடைத்ததும் மற்ற மாஞ்சா எல்லாம் உத்தமமாகிவிட்டது. பேட்டிகளில் பாருங்கள், "எங்கள் பாரம்பரிய மாஞ்சாவால் ஒன்றும் ஆகாது, எல்லாம் அந்த நைலானால் வந்த வினை" என்பார்கள். எங்கள் வேப்பமரத்துக் காக்காய் தொங்கியது சுத்தமான பருத்தி நூலில், வீட்டில் அரைத்த கண்ணாடியில். மறுபக்கம் பரேலித் தொழிலாளியையும் பார்க்க வேண்டும். தினமும் விரலை அறுத்துக்கொண்டு நூலோடு மைல்கணக்கில் நடக்கிறவர். அவர் பிழைப்பை முதலில் கெடுத்ததே மெஷினில் வரும் நைலான் கண்டுதான். நைலான் தடைக்கு அவர் கைதட்டுவார், கண்ணாடிக்கும் தடை என்றால் அவர் வீட்டில் அடுப்பு எரியாது. எங்கள் வகுப்பில் 'வெளிப்புறச் செலவு' என்று ஒரு பாடம் உண்டு. பொருளை வாங்குபவரும் விற்பவரும் கொடுக்காத விலையை மூன்றாவது ஆள் கொடுப்பது. பாடப்புத்தகத்தில் ஆலைப் புகையை உதாரணமாகப் போட்டிருப்பார்கள். இங்கே மூன்றாவது ஆளுக்கு வக்கீல் கிடையாது, ஓட்டும் கிடையாது.

ஓட்டு உள்ளவர்கள் கழுத்து அறுபட்டால்தான் சட்டம் நகரும் என்பதற்கு லாகூர் சாட்சி. வசந்த விழாப் பட்டத்துக்கு உலகப் புகழ்பெற்ற ஊர். பைக்கில் போனவர்கள், குழந்தைகள் என்று சாவு அதிகமாகி 2005-ல் பாகிஸ்தான் உச்ச நீதிமன்றமே தடை போட்டது. நம் சென்னை மட்டும் என்ன? 2019 நவம்பரில் கொருக்குப்பேட்டையில் அப்பாவோடு பைக்கில் முன்னால் உட்கார்ந்து வந்த மூன்று வயதுக் குழந்தை மாஞ்சாவில் கழுத்து அறுபட்டு இறந்தது. அதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் போலீஸ் மாஞ்சாவைத் தேடும், கொஞ்ச நாளில் மறக்கும். 2023-ல் தமிழ்நாடு அரசு நைலான் நூலோடு கண்ணாடி, உலோகம் பூசிய நூலையும் சேர்த்தே தடை செய்தது. கூர்மை எதுவும் பூசாத பருத்தி நூலுக்கு மட்டும் அனுமதி. இந்த விஷயத்தில் நம் அரசு செய்தது சரி என்றே நினைக்கிறேன்.

"அறுக்காத பட்டம் ஒரு பட்டமா?" என்று என் பழைய கூட்டாளிகள் கேட்பார்கள். அதே தை முதல் நாள், யாழ்ப்பாணத்தில் வல்வெட்டித்துறைக் கடற்கரையைப் பார்க்கச் சொல்லுங்கள். பொங்கலன்று அங்கே பட்டப் போட்டி. ஆள் உயரத்தைவிடப் பெரிய பட்டங்கள், விதவிதமான உருவங்களில் கடலுக்கு மேலே எழும்பும். எவன் யாரை அறுத்தான் என்பது அங்கே போட்டியே இல்லை. எது அழகு, எது புதுசு, எது ஏறி நிற்கிறது என்பதற்குத்தான் பரிசு. பட்டத்தில் 'விண்' கட்டுவார்கள். காற்றில் அது அதிர்ந்து 'ங்ஙொய்' என்று பாடும். ஊருக்கே கேட்கும். அதே நாள், அதே சூரியன், காகிதமும் மூங்கிலும்கூட அதேதான்.

அகமதாபாத்தில் ஜனவரி 16 காலையில் இன்னொரு வேலை நடக்கிறது. இதை எந்த டிவியும் அவ்வளவாகக் காட்டுவதில்லை. பள்ளிப் பிள்ளைகளும் தொண்டர்களும் நீளக் கம்பை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போய் மரம், கம்பம், கேபிள் ஒயர் எல்லாவற்றிலும் சிக்கியிருக்கும் நூலை இழுத்துப் பந்து பந்தாகச் சுருட்டுகிறார்கள். சில அமைப்புகள் எடை போட்டு அதற்குக் காசும் கொடுக்கின்றன. போன வருஷம் லீவில் எங்கள் மாடிக்கு ஏறியபோது அந்த வேப்பமரத்தைப் பார்த்தேன். நூல் இன்னும் இருந்தது, பழசும் புதுசுமாக. துரட்டியோடு இன்னொரு கம்பைச் சேர்த்துக் கட்டி, பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டுக்கொண்டு, எட்டிய வரைக்கும் எடுத்தோம். உச்சிக் கிளை அப்போதும் எட்டவில்லை.